முன்னறையில் ஓர் ஏரிக்கரை

தோல் ஊறுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டுச் சேறு நாறுகிறது என்று ஒரு தெருவே கூடிப் புகார் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. ஆம்பூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயில் நிற்பதற்கு முன்பே கைக்குட்டையைத் தேடுவார்கள். எங்களுக்கு அந்தப் பலவீனம் கிடையாது. பச்சைத் தோல் ஏற்றிய வண்டி உரசிக்கொண்டு போனாலும் நாங்கள் பாட்டுக்கு நின்று விலைவாசி பேசுவோம். சுண்ணாம்புத் தொட்டியைத் திறந்துவிட்ட நாளில் அந்தச் சாக்கடை ஓரமாகவே நின்று வேர்க்கடலை வாங்கித் தின்போம். அப்படிப்பட்ட மூக்குகள்தான், என் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடிப் பெட்டியின் அடியில் கிடந்த சேற்றைத் தெருக்கோடியிலிருந்து கண்டுபிடித்தன.

என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதில் ஆரம்பித்தது எல்லாம். வேலூரில் மாவுக்கட்டுப் போட்டு, மழைக்காலம் முடிகிறவரை காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டோம். ஜன்னலுக்கு வெளியே என் முதலாளியின் தோல் ஷாப்; தோல் பதனிடுகிற தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நான் அங்கேதான் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா. நாங்கள் இருந்த வீடும் அவருடையதே. ஜன்னல் வழியாகத் தெரிந்தது தோல் உலர்த்தும் களம். வரிசை வரிசையாக ஆட்டுத்தோல். அது காய்ந்து எடுத்துவிட்டால் மறு வரிசை ஆட்டுத்தோல். பச்சையாக ஒரு புல் கிடையாது. கிணற்றுத் தண்ணீர் அத்தனை உப்பு. எங்கள் முற்றத்துத் துளசிச் செடி நாலு இலை விட்டுவிட்டு, ஐந்தாவது தேவைதானா என்று யோசித்துக்கொண்டே இருக்கும்.

அவளோ காவேரிப்பாக்கத்துக்காரி. அந்த ஏரிக்கரையில் பிறந்தவர்கள் மற்ற ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு மாதிரி இரக்கத்தோடுதான் பேசுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் பாலாற்றைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஆறு எங்க?” என்று கேட்டாள்.

படுத்த சில நாட்களிலேயே சொல்லிவிட்டாள்: “தோலையே பாத்துக்கினு எவ்ளோ நாளு படுத்துக்கினு இருக்கறது? என்னை எங்க ஊட்டுக்கு அனுப்பிடுங்க. ஏரியப் பாத்துக்கினு இருந்தா காலு தானா கூடிடும்.”

அவளுடைய அண்ணன், என் மச்சான், அவளைப் பார்க்க வந்திருந்தவர், இதற்காகவே காத்திருந்ததுபோல எழுந்து நின்றார். “வாலாஜா ரோடு வரைக்கும் ரயிலு, அங்கேருந்து நம்ம வண்டி. மெத்தை போட்டு இட்டுனு போயிடறேன் மாப்ளே. ஆறு மாசம் இருந்துட்டு வரட்டும்.”

ஆறு மாதம்! எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை நான் ஒருவன்தான். அந்த ஆளோடு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருந்து பார்த்திருக்கிறேன், சகிக்காது. ஆனால் இதையெல்லாம் மச்சான் எதிரில் சொல்ல முடியுமா? ஆகவே வேறொன்று சொன்னேன்.

“ஏரிதானே வேண்டும்? நான் அதை இங்கேயே கொண்டுவந்து வைக்கிறேன்.”

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடும்பத்துக்குள் புகுந்த மருமகனைப் பற்றி அந்தக் குடும்பம் பல வருஷம் கழித்து ஒரு முடிவுக்கு வருகிற பார்வை அது.

“சரி மாப்ளே,” என்றார் மச்சான். “வர்ற அமாவாசைக்கு வர்றேன். அதுக்குள்ள ஏரி வந்திருந்தா நல்லது. இல்லாட்டி தங்கச்சி எங்கூட வரட்டும்.”

நான் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. சென்னையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் இங்கிலீஷ் புத்தகம் என்னிடம் இருந்தது. கண்ணாடித் தொட்டிக்குள் குளக்கரை அமைப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தது. பின்பக்கம் மண்ணை மேடாக அணைக்க வேண்டும். முன்பக்கம் சரிவாக இறக்க வேண்டும். தண்ணீர் பாதி உயரத்துக்கு மேல் கூடாது. சில செடிகள் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். சில செடிகளுக்குக் கால் மட்டும் தண்ணீரில், தலை வெளியே காற்றில். பார்க்கிறவர் கரையில் உட்கார்ந்திருப்பதாகவே நினைக்க வேண்டும். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துபோனால் பனிக்கட்டியில் எப்படித் துளை போடுவது என்று மட்டும் ஓர் அத்தியாயம் இருந்தது. ஆம்பூரில் அதை நம்பிக்கையோடு தள்ளிவிட்டேன்.

டிரங்குப் பெட்டி செய்கிறவரிடம் அளவு கொடுத்து, தகரச் சட்டத்தில் ஜன்னல் கண்ணாடி பதித்துத் தரச் சொன்னேன். அவர் அருமையாகச் செய்தார். கூடவே முன்பக்கத்தில் பூட்டு மாட்ட ஒரு கொண்டியும் வைத்திருந்தார்.

“இது எதுக்கு?” என்றேன்.

“உள்ள இன்னா சார் வெக்கப் போறீங்க?”

“தண்ணீர்.”

கொண்டியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். “அப்ப கண்டிப்பா பூட்டிக்குங்க சார். யாராச்சும் பாத்துட்டா சிரிப்பாங்க,” என்றார்.

கண்ணாடி ஓரத்தில் ஒழுகியதைத் தார் காய்ச்சி ஊற்றி அடைத்தேன். ஆற்று மணல் உத்தமம் என்று புத்தகம் சொன்னது. ஆற்றுக்குப் போய் ஒரு கூடை மணல் அள்ளிவந்து பரப்பி, பக்கத்துக் குட்டையிலிருந்து சேம்பும் கோரையும் பிடுங்கி நட்டேன். மூன்றாம் நாள் சேம்பு இலை வெளுத்து, தொட்டால் வழிந்துகொண்டு வந்தது. மணல் அள்ளிய இடம், எங்கள் ஷாப்பின் சாக்கடை ஆற்றில் கலக்கிற இடம். மணலில் பாதி சுண்ணாம்பு. தோலிலிருந்து மயிரைக் கழற்றுவதற்கு எத்தனை சுண்ணாம்பு, எத்தனை நாள் என்று லண்டன் கம்பெனிக்கு மாதாமாதம் எழுதுகிறவன் நான். அது சாக்கடை வழியாக எங்கே போகும் என்று லண்டனும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

என் மனைவி படுத்தபடியே அந்த இலையைப் பார்த்தாள். “இன்னாங்க, இதையும் பதம் போட்டுட்டீங்களா?” என்றாள்.

இதற்கு மேல் மானமுள்ளவன் பொறுப்பானா? மறுநாளே லீவு சொல்லிவிட்டுக் காவேரிப்பாக்கம் போனேன். மச்சானுக்குத் தெரியாமல், ஏரியின் மறுகரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டு மண்ணெண்ணெய் டின் நிறைய அடிச்சேறு. இன்னொரு டின்னில் ஏரித் தண்ணீர். சேம்பு, கோரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, தண்ணீருக்குள் போடக் கொஞ்சம் வேலம்பாசி, எல்லாவற்றையும் வாழைச் சருகில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் டின்னுக்குள் என்ன என்று கேட்டார். சேறு என்றேன். ஆம்பூரில் சேறு கிடைக்காதா என்றார். கிடைக்காது என்றேன். அவர் தன் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

இந்தத் தடவை சரியாக வந்தது. பின்பக்கம் சேற்றை மேடாக்கி, சரியாமலிருக்கக் கூழாங்கல் அடுக்கினேன். மேட்டில் வல்லாரை. தண்ணீரும் மண்ணும் சேருமிடத்தில் கோரை. அதற்கு முன்னால் சேம்பு. அதன் இலைகள் கண்ணாடி விளிம்பைத் தாண்டி உயர்ந்து நின்றன. பொன்னாங்கண்ணி தண்ணீருக்குள்ளேயே படர்ந்து, ஒரு வாரத்தில் மேலே தலை நீட்டிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் அண்டா வைத்துப் பிடித்தேன். கலங்கல் தெளிந்ததும், பெட்டியை முக்காலியில் கட்டிலுக்கு நேராக, ஆட்டுத்தோலை மறைக்கிறாற்போல் வைத்தேன்.  அவள் முகத்தை அதன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டாள். ஊருக்கு அனுப்பு என்ற பேச்சு நின்றது. நான் வெகுநாளைக்குப் பிறகு ஒரு மீசைக்காரனைப் போல் நடந்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு வாத்தியார் வந்தார்.

“சார், உங்க ஊட்ல எலி கிலி செத்துப் போச்சா?”

அந்த வாத்தியாரின் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பச்சைத் தோல் கிடங்கு. அவர் பிள்ளைகள் அந்தத் தோல் மூட்டைகளின்மேல் ஏறித்தான் விளையாடும். அவர் வந்து என் வீட்டில் எலியைத் தேடுகிறார்!

“எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. சுத்தமான தண்ணீர், நல்ல செடி. வந்து பாருங்கள்,” என்றேன்.

பார்த்தார். குனிந்து முகர்ந்தார். “இதான் சார்! யப்பா! எப்டி சார் சோறு எறங்குது உங்களுக்கு?” என்று மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பத்திரமாகக் கிடங்குப் பக்கம் போய் நின்று மூச்சு வாங்கினார்.

பிறகு தெரு முழுவதும் கிளம்பியது. தோலைத் தோளில் சுமந்துகொண்டு போகிற ஆட்கள் என் ஜன்னல் வந்ததும் ஓட்டமாக நடந்தார்கள். நாறவில்லை என்று ஒவ்வொருவரிடமும் வாதாடினேன். ஷாப்பில் வாதாடினேன், கடைத்தெருவில் வாதாடினேன். வாதாடுவதோடு நிற்காமல், தினம் காலையில் பாதித் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு மழைத் தண்ணீர் ஊற்றினேன். அழுகின இலையைக் கிள்ளினேன். அடுப்புக்கரியைத் துணியில் கட்டிப் போட்டேன். தண்ணீர் கண்ணாடியைவிடத் தெளிவாக இருந்தது. ஆனாலும் தெரு ஒத்துக்கொள்ளவில்லை.

அமாவாசையன்று மச்சான் வந்தார். என்மேல் உள்ள நம்பிக்கையில் ஜட்காவை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு வந்தார். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர், “இது நம்ம ஏரிச் சேறு மாதிரி இருக்குதே!” என்று திடுக்கிட்டு நிமிர்ந்தபோது, பின்னாலேயே என் முதலாளி நுழைந்தார்.

முதலாளி நல்ல மனிதர். பிழையில்லாமல் உருதுவும், கூச்சமில்லாமல் தமிழும் பேசுவார். அன்று முகத்தில் சங்கடம் தெரிந்தது.

“இன்னா சார் இது? தெருவே பேஜார் பண்ணுது. நம்ம ஷாப்பு ஆளுங்களே வந்து சொல்றாங்க. நாத்தம் ரொம்ப ஜாஸ்தியாம்.”

“முதலாளி, நீங்களே பாருங்கள். தண்ணீர் எவ்வளவு சுத்தம்!”

அவர் குனிந்து மோந்து பார்த்தார். “தண்ணி சுத்தம்தான் சார். நாத்தமும் சுத்தமான நாத்தமாத்தான் இருக்குது. எடுத்துடுங்க. பின்னால கொல்லைல எங்கியாச்சும் வெச்சுக்குங்க.”

கொல்லையில் வைத்தால் கட்டிலிலிருந்து தெரியாது. தெரியாவிட்டால் ஜட்கா வாசலில் நிற்கிறது. மச்சான் ஏற்கெனவே அவளுடைய துணிமூட்டையைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். ஆட்டுத்தோல், ஆவாரம்பட்டை, சுண்ணாம்பு, சாக்கடை, ஏற்றுமதி, நியாயம் எல்லாவற்றையும் கோத்து ஒரு பெரிய பேச்சு எனக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. சம்பளமும் கூரையும் கொடுக்கிறவரிடம் பேசுகிற பேச்சு அல்ல அது. ஆனாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இது நாறவே இல்லை, முதலாளி!” என்று ஆரம்பித்தேன்.

“அவரு சொல்றத நம்பாதீங்க பாய்,” என்றாள் என் மனைவி கட்டிலிலிருந்து. “நாறுது.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“நல்லாவே நாறுது. ஏரி வத்தும்போது கரையோரம் வர்ற நாத்தம் இது. எங்கண்ணனுக்குத் தெரியும். கல்யாணமாயி வந்த நாள்லேருந்து உங்க தோல் நாத்தந்தான் எனக்கு. எதுனா சொன்னேனா பாய்? பழகிக்கினேன். என்னோட ஒரு பொட்டி சேறு உங்களுக்குப் பழகாதா?”

முதலாளி ஜன்னலுக்கு வெளியே தன் களத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“பழகிடும் தங்கச்சி. இருக்கட்டும்.” என் பக்கம் திரும்பி, “சார், வாத்தியார்கிட்ட நான் பேசிக்கறேன். அது நம்ம ஷாப்புலேருந்து வர்ற நாத்தம்னு சொல்லிட்டா கம்முனு இருந்துடுவாரு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னார். வாத்தியாரும் கம்மென்று இருந்துவிட்டார். இன்றுவரை என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

“அப்ப ஜட்காவ அனுப்பிடவா?” என்றார் மச்சான்.

“அனுப்பிடுண்ணா. நீ சாப்ட்டுட்டு சாயங்கால வண்டிக்குப் போ.”

அவர் வாசலுக்குப் போனதும் அவள் என்னைப் பார்த்தாள். வெற்றிபெற்றவனுக்குரிய இரண்டு வார்த்தையை நான் எதிர்பார்த்தேன். செடிகள் நின்ற அழகைப் பற்றியாவது, தண்ணீரின் தெளிவைப் பற்றியாவது.

“ஏங்க, தெனம் தெனம் தண்ணிய மாத்தி அந்த வாசனையே கம்மியாயிடுச்சு. கரிய வேற கட்டிப் போட்டுட்டீங்க. அடில கொஞ்சம் கெளறி விடுங்களேன்.”

சமையற்கட்டிலிருந்து நீளக் கரண்டியை எடுத்துவந்தேன். இத்தனை நாள் ஒரு துளி கலங்காமல் காத்த தண்ணீரில் அதை விட்டுக் கிளறினேன். சேறு புகைபோல் எழும்பியது. வேலம்பாசி மறைந்தது, கூழாங்கல் மறைந்தது, நான் அணைத்த சரிவு மறைந்தது. தண்ணீருக்கு மேலே தலை நீட்டியிருந்த சேம்பும் கோரையும் மட்டும் மிச்சம் தெரிந்தன. அதையாவது பார்க்கிறாளா என்று திரும்பினால், கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னுங் கொஞ்சம்,” என்றாள்.