கதவோரம் கிடந்த ஆம்பிளைச் சப்பாத்து

போன வருஷம் மழைக்காலத்தில், வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் இருந்துகொண்டே, இங்கிலாந்தில் படிக்கிற என் மகளின் அறைக்குள் ஓர் ஆம்பிளை ஒளிந்திருக்கிறான் என்று முழுசாக நம்பினேன். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் ஒரு சோடி சப்பாத்து.

சிரிக்காதீர்கள். எங்கள் மாடிப்படியில் ஏறிப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்புகள் கிடக்கும். பெல் அடிக்காமலே உள்ளே யார் யார், ஊரிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்களா, பெண் பார்க்க வந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடலாம். இத்தனை வருஷம் செருப்பைப் பார்த்தே அயலட்டையின் கதையெல்லாம் படித்தவன் நான். எனக்கா தெரியாது?

மகள் சிவில் எஞ்சினியரிங் படிக்கப் போய் அப்போது சில மாதங்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தோம். மனைவி வழக்கம்போல, சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்தாயா என்று விசாரணை நடத்தினாள். மகள் போனை மேசையில் சாத்திவைத்துவிட்டு சார்ஜர் தேடப் போனாள். அப்போதுதான் கண்டேன். கதவோரம், மண் அப்பிய, மூக்குப் புடைத்த, பெரிய பூட்ஸ். கை தானாக ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டது.

"அங்க ஆரும் வந்திருக்கினமோ, பிள்ளை?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"இல்லையே அப்பா, ஏன்?" என்றவள், ஓடிவந்து போனைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அதோடு எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. பிள்ளை எதையோ மறைக்கிறாள்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. "இங்கயே படிக்கட்டும்" என்று அவள் அழுதபோது, "என்ர பிள்ளையை எனக்குத் தெரியும்" என்று நெஞ்சை நிமிர்த்தி அனுப்பிவைத்தவன் நான்தானே.

அடுத்த நாள் வேலை பார்க்கிற கந்தோரிலிருந்து மத்தியானம் நழுவி, பம்பலப்பிட்டியில் ஒரு சப்பாத்துக் கடைக்குப் போனேன். கடைப் பொடியனைத் தம்பி முறை வைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மல்லி, இது எப்படிப்பட்ட ஆளுடையது?" என்று படத்தைக் காட்டினேன். அந்தப் பொடியன் வைத்தியர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "ஆம்பிளைகள் போடுறது, அங்கிள். பாரமான வேலை செய்கிற ஆள். கால் மட்டும் கொஞ்சம் சின்னது" என்றான். குள்ளமாக, மண் அப்பிய ஒருவன் என் கண் முன்னே வந்து நின்றான். அவனுக்கு மீசையும் இருந்தது.

பின்னேரம் வீட்டுக்குப் போகாமல் கடற்கரையில் தண்டவாள ஓரமாக நடந்துகொண்டே, மனைவியின் தம்பிக்கு, லண்டனில் இருக்கிறவனுக்கு, போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"மச்சான், ஒருக்காப் போய்ப் பார். உண்மையெண்டால் லீவுக்குக் கூப்பிட்டு இங்கயே நிப்பாட்டிப்போடுவன்."

"அத்தான், நான் என்ன சிஐடியோ? சப்பாத்தைப் பார்த்து ஆரும் பிள்ளையின்ர படிப்பைக் குழப்புவினமோ?"

"நீ போறியோ, நான் பிளேன் ஏறவோ?"

"உங்களுக்கு விசா கிடைக்கிறதுக்குள்ள அவள் பட்டமே எடுத்திடுவாள். சரி, நானே போறன்."

வெள்ளிக்கிழமை, மீன் கட்லெட் குடுக்கிற சாட்டில் மச்சான் ரயில் ஏறினான். நான் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, போனைப் பிடித்தபடி நின்றேன். மகளின் விடுதி வாசலில் நின்ற மச்சான், போனை நிலத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு குசுகுசுத்தான்.

"அத்தான், உங்கட சப்பாத்து வருகுது."

வந்தது. அதே மண், அதே மூக்கு. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது.

"ஆளின்ர மூஞ்சையைக் காட்டடா!"

போன் மெல்ல உயர்ந்தது. சீமெந்து அப்பிய காற்சட்டை, ஒறேஞ்ச் நிற ஜக்கெட், கக்கத்தில் ஹெல்மட், அதற்கு மேலே என் மகளின் முகம்.

"மாமா! சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறீங்கள்! ஏன் என்ர காலைப் படம் பிடிக்கிறீங்கள்?"

"உன்ர கொப்பர் சப்பாத்து வாங்கப் போறாராம், பிள்ளை. மொடல் பார்க்கிறம்."

அறைக்குப் போய் அவள் அதைக் கழற்றினாள். முன்பக்கத்தில் கசக்கி அடைத்த பேப்பர். காலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சோடி கம்பளி மேஸ். அதையும் கழற்றியபோது மச்சானின் குரலில் இருந்த பகிடி போய்விட்டது.

"அத்தான், பிள்ளையின்ர குதிக்காலைப் பாருங்கோ."

இரண்டு குதிக்காலிலும் பிளாஸ்டர். ஒன்றில் இரத்தம் ஊறியிருந்தது. அன்றைக்கு ஓடிவந்து போனைத் தூக்கிப் பிடித்தது இதை மறைக்கத்தான்.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ அப்பா. அழுவா."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி கதவைத் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, உள்ள குளிக்கிறியளோ, அழுறியளோ?"

"ரெண்டும்தான்" என்றேன்.

அடுத்த நாள் மச்சான் அவளைக் கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போய், காலுக்குப் பொருந்துகிற சோடி கிடைக்கும்வரை விடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி சாப்பாட்டு விசாரணையைத் தொடங்குவதற்கு முன்னமே, "இந்தக் கிழமை என்ன செய்தனி?" என்று நான் கேட்டுவிடுகிறேன். கொங்கிறீட் கட்டிகளை மெசினில் வைத்து நொறுக்கிப் பார்ப்பதைப் பற்றி அவள் உற்சாகமாகச் சொல்வாள். பாதி விளங்காது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு வார்த்தை ஒழுங்காகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நடந்தது இவ்வளவுதான்: பாதுகாப்புப் பூட்ஸ் இல்லாமல் ஆய்வுகூடத்துக்குள் விடமாட்டார்கள், பெண்களின் அளவு கடையில் இருக்கவில்லை, வகுப்புத் தவறக்கூடாது என்று என் மகள் ஆம்பிளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.