நானே எழுதிக்கொண்ட சிபாரிசுக் கடிதம்

கர்த்தருக்குள் அன்பான சபையாரே, போன வருடம் லெந்து நாட்களில் என் சிபாரிசுக் கடிதத்துக்காக நீங்கள் எல்லாரும் ஜெபித்தீர்கள். பிறகு விசாரித்தவர்களிடம், கிடைக்கவில்லை, ஆண்டவருக்குச் சித்தமில்லை என்றேன். அது பொய். ஆண்டவர் மேலேயே பழியைப் போட்டேன். இன்று உண்மையைச் சொல்ல நிற்கிறேன்.

விடுமுறையில் ஆராய்ச்சி பழகப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை எடுத்தார்கள். விரிவுரையாளர் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் செல்லாது. எங்கள் எஸ்டேட்டில் இருந்து அப்படிப் போன பிள்ளை யாருமில்லை. லோரி ஓட்டும் என் அப்பா மகள் போகப்போகிறாள் என்று போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பாடம் எடுத்த டாக்டர் மாலதியிடம் போய்க் கேட்டேன். மேசையெல்லாம் சோதனைத் தாள்கள். "நீயே எழுதி அனுப்பும்மா. நான் பார்த்துக் கையெழுத்துப் போடுறேன்" என்றார். பலரும் அப்படித்தான் செய்வார்கள்.

எழுத உட்கார்ந்தால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எங்கள் பாட வேலைக்காகப் பாசிர் பெனம்பாங் ஆற்றுச் சேற்றில் முழங்கால் வரை இறங்கிப் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்தவள் என் தோழி ஹசீனா. நான் கரையில் நின்று குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான். சேற்றில் இறங்கியது நான் என்று கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். பாவி நான்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் நம் சபை அந்தோணியம்மா அக்கா, சர்க்கரை வியாதியோடு, எனக்காக உபவாசம் இருந்து அழுதார். நானும் ஆமென் சொன்னேன்.

மறுநாள் ஹசீனா போன் செய்தாள். அவளும் டாக்டரிடம் கடிதம் கேட்டிருந்தாள்.

"'அந்த வேலையில நீ என்னதான் செஞ்சே'ன்னு டாக்டர் என்னைக் கேக்குறாங்கடி. எனக்கு ஒண்ணும் புரியலைலா."

சொன்னால் என் இடம் போகும். சொல்லாவிட்டால் அவள் இடம் போகும். முழங்காலில் விழுந்தேன். டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜெபிக்க மனம் வரவில்லை. வாயைத் திறக்கப் பலம் தாரும் ஆண்டவரே என்று மட்டும் கேட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சத்தியமாக அந்தப் பலம் என்னுடையது அல்ல.

"இந்த வருஷம் உனக்கு நான் எழுத மாட்டேன்" என்றார் டாக்டர்.

ஹசீனாவுக்கு எழுதினார். அவள் போனாள். மன்னிப்புக் கேட்டேன். பல மாதங்கள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நியாயம்தானே.

இந்த வருடம் மறுபடி கேட்டேன். டாக்டர் தாமே எழுதி அனுப்பினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் போகிறேன்.

அக்கா, நீங்கள் பட்டினி கிடந்தது என் பொய்க்காக. என்னை மன்னித்துவிடுங்கள். உங்களில் யாராவது ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு ஜெபிக்கிறீர்களா? முதலில் அதை ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். பயமாகத்தான் இருக்கும். என்னையே அவர் தள்ளிவிடவில்லை.