அவன் பைக்கும் அவன் துவக்கும்

மோகன் மேல் எனக்கிருந்த பொறாமையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். நான் சுற்றுலாப் பயணிகள் வரும் எல்லவில் ஓட்டல் அறைகளைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் அதே எல்லவில் ஐஸ் போதைப்பொருள் விற்றுப் புது பைக் வாங்கிவிட்டான். அது லயத்து வாசலில் நிற்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிறு பசறைக் கடையில் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தான்.

"என்னையும் சேத்துக்கடா" என்று கேட்டே விட்டேன்.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றது. மோகனின் கை சட்டைக்குள் போனது. இடுப்பில் துவக்கு செருகியிருந்தான், சின்னக் கைத்துப்பாக்கி. ஆட்டோவில் வந்தவரோ சாப்பாட்டுப் பார்சல் வாங்க வந்தவர்.

"என்னாடா இது?"

"இந்த ஏவாரத்துல எவனாச்சும் பறிச்சா பொலிசுக்கா போக முடியும்? நீ வந்தா ஒனக்கும் ஒண்ணு வாங்கித் தாறேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் துவக்கைப் பார்த்தும் பொறாமைதான் வந்தது.

பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நேத்து அம்மா தேத்தண்ணியோட வந்து எழுப்புச்சு. யாரோன்னு நெனச்சு துவக்க அது மேலயே நீட்டிட்டேன்டா."

கொத்துரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "நான் வரலடா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த மாதமே அவன் துவக்கோடு பிடிபட்டான். பதுளைச் சிறைக்கு அவனைப் பார்க்கப் போன அவன் அம்மா, நான் வேலைக்குப் போன பஸ்ஸில் என் ஓட்டல் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கம்மா குடுத்து வச்சவப்பா" என்றார்.

அந்தக் குரலில் இருந்தது பொறாமை என்று எனக்குத் தெரியும். அதே வழிக்கு நானும் ஆசைப்பட்டுக் கேட்டவன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.