கம்பெனி பஸ்ஸில் வந்த சிறுத்தை

சிறுத்தை என்ற சொல் எங்கள் வீட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. மாதனூரிலிருந்து ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போன பெண்களில் அம்மாவும் ஒருத்தி. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று அங்கே வந்திருந்தது. முடி எடுக்காத ஆட்டுத் தோலில் சிறுத்தைப் புள்ளிகளை அச்சடித்து, அதில் பெண்களுக்கு ஷூ செய்ய வேண்டும். அதற்கு இங்கிலீஷில் நீளமான பெயரும் நம்பரும் இருந்தன. தையல் லைனில் உட்கார்ந்திருந்தவர்கள் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சிறுத்தை என்றே கூப்பிட்டார்கள். இன்றைக்குச் சிறுத்தை ஓடுகிறது என்றால், லைனில் அந்த ஷூ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு அன்று ஓவர்டைம், நான் தூங்கின பிறகுதான் வருவாள் என்பதும் அதற்குள்ளேயே அடக்கம்.

அந்த ஷூவில் வேலை ஜாஸ்தி. இடது கால் புள்ளியும் வலது கால் புள்ளியும் ஒத்துப்போக வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் ரிஜெக்ட். அம்மாவுக்கு ஜோடி சேர்க்கிற வேலை. விடிவதற்கு முன்னால் பஸ் ஏறினாள், இருட்டிய பிறகு இறங்கினாள். வீட்டில் அப்பா இருந்தார். குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சோறும் ஆக்கிப்போட்டார். அவர் வைத்த குழம்பில் உப்பு இருந்தால் புளி இருக்காது. நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வேண்டும் என்று அப்பாவிடம் அழ வெட்கமாக இருந்தது. கம்பெனியைத் திட்டலாம் என்றால், சோறு போடும் இடத்தைத் திட்டக் கூடாது என்பார். ஆகவே சிறுத்தையைத் திட்டித் தீர்த்தேன்.

அது காதில் விழுந்ததோ என்னவோ, ஒரு நாள் நிஜமான சிறுத்தையே மலையிலிருந்து இறங்கிவிட்டது. எங்கள் எதிர் வீட்டுப் பெரியம்மாவின் சினை ஆட்டைக் கொல்லையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரும்புக் காட்டு ஓரத்தில் பாதி உடம்புதான் கிடைத்தது. அப்பா அதைப் புலி என்றார். வனத்துறைக்காரர் வந்து, புலி இல்லை, சிறுத்தை என்று திருத்தினார். ஆட்டைப் பறிகொடுத்த பெரியம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். கூண்டு வைத்தார்கள். பொழுது சாய்ந்தபின் யாரும் வெளியே நடமாடக் கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

பஸ் பெரிய ரோட்டிலேயே நின்றுவிடும். அங்கிருந்து தென்னந்தோப்பு வழியாக ஊருக்குள் நடந்துதான் வர வேண்டும். பெண்கள் எல்லாரும் சேர்ந்து போய் சூப்பர்வைசரிடம் சொன்னார்கள். எங்கள் ஊர் பஸ்ஸுக்கு மட்டும் ஓவர்டைம் கிடையாது, வெளிச்சத்திலேயே கிளம்பலாம் என்று அவர் இறங்கிவந்தார்.

அம்மா வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அவள் மடியில் படுத்துக்கொள்வேன். அவள் கையில் தோலும் பசையும் கலந்த ஒரு வாசனை இருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. அதைத் திரும்பவும் முகர வேண்டும் என்று எனக்கு இப்போதும் சில நாள் தோன்றுகிறது. கேழ்வரகு அடை தட்டுவாள், பாடம் ஒப்பிக்கச் சொல்வாள், தப்பாகச் சொன்னாலும் சிரிப்பாள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கியபோது நான் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன், சிறுத்தை இங்கேயே இருக்கட்டும் என்று. அம்மாவிடமும் சொன்னேன்.

"சும்மா இருடி. ஆட்ட பறிகுடுத்தவ காதுல உழுந்தா இன்னா நெனப்பா?" என்றாள். ஆனால் அடிக்கவில்லை.

கொஞ்ச நாளில் வனத்துறைக்காரர் வந்து, காலடித் தடம் மலைப்பக்கம் திரும்பியிருக்கிறது, சிறுத்தை போய்விட்டது என்றார். கூண்டை லாரியில் ஏற்றினார்கள். நான் யாருக்கும் தெரியாமல் அழுதேன். ஆனால் மாரியம்மன் கைவிடவில்லை. மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்குப் போன ஒரு அக்கா, தோப்பில் சிறுத்தையைப் பார்த்துவிட்டாள். அடுத்த நாள் இன்னொரு அக்கா, வாய்க்கால் பாலத்தடியில். அதற்கடுத்த நாள் வேறொருத்தி, மாமரத்துக்குக் கீழே. வனத்துறைக்காரர் குனிந்து குனிந்து தேடிப் பேஜாராகிவிட்டார்.

"இந்த சிறுத்தைக்கு காலு இருக்குதா இல்லியா? ஒரு தடத்தக் கூட காணோமே."

"பஸ்ல போற பொம்பளைங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியுது சார்," என்றார் அப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கடைசியாக ஒரு நாள் அம்மாவே பார்த்துவிட்டாள். உப்பு கடன் வாங்கினால்கூட மறக்காமல் திருப்பிக் கொடுக்கிற அம்மா. அன்று மாலை நான் அவளைத் துளைத்து எடுத்தேன், எப்படி இருந்தது, எவ்வளவு பெரிது என்று. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மஞ்சளா, பூப்பூவா புள்ளி. இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அதே மாதிரி. ஒரு புள்ளி பிசகல."

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற சிறுத்தை காட்டில் கிடையாது, கம்பெனியில்தான் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்ததும் எதிர் வீட்டு வாசலில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஊருக்குச் சிறுத்தை பயம் விட்டுப்போயிருந்த சமயம் அது.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு கண்ணு," என்றாள் அம்மா.

நாளைக்கு உட்கார்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். "செரி, போ," என்றாள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து இரண்டு வாட்ச்மேன்கள் டார்ச்சோடு வந்தார்கள். இனி எத்தனை மணியானாலும் அவர்கள் பெண்களை ரோட்டிலிருந்து ஊர் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்களாம். அன்று இரவு அம்மா வந்தபோது நான் தூங்கிவிட்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு அக்காவும் சிறுத்தையைப் பார்க்கவில்லை.

அம்மா இறந்தபோது காரியத்துக்கு வந்திருந்த பஸ் அக்கா ஒருத்தி, நடந்ததை என்னிடம் சொன்னாள். வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பதுபோல, சிறுத்தையைப் பார்ப்பதற்கு அவர்கள் முறை வைத்துக்கொண்டார்களாம். எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

"கடைசி நாளு, நான் பாத்தேன்னு சொல்ல ஒருத்தியும் முன்னால வரல. பொய்னு தெரிஞ்சா வேலைய விட்டே அனுப்பிடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருந்தாரு. உங்கம்மாதான், என் பேர சொல்லுங்க, இன்னும் ஒரு சாயங்காலம் கெடச்சா போதும்னா."

அந்தச் சாயங்காலத்தில் நான் எதிர் வீட்டு வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். சிறுத்தை போய்விடக் கூடாது என்று ஏங்குவது ஊரிலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு.