மாதா இரண்டு கிராம், அந்தோனியார் மூன்று

பத்திரிகைத் தாளை அம்பு துளைக்கும் சத்தம் இரண்டு வகை: நேராகப் போனால் சின்னதாக ஒரு "டப்", வாலை ஆட்டிக்கொண்டு போனால் துணி கிழிவதுபோல் நீண்ட சரசரப்பு. எனக்குப் பதின்மூன்று வயதான அந்த மார்ச் மாதத்தில், நோர்வேயின் ரொம்சோஸில் எங்கள் வில்வித்தைக் கழகத்தின் நிலவறையில், மூன்று நாள்களாக எனக்குக் கேட்டது இரண்டாவது சத்தம் மட்டுமே. சனிக்கிழமை தெரிவுப் போட்டி. அதில் தேறினால்தான் அணியோடு "ஸ்டெவ்ன" என்ற பெரிய போட்டிக்குப் போகலாம்.

என் வில் வேட்டைக்கென்று செய்யப்பட்டது. நோர்வேயில் வில்லால் வேட்டையாட அனுமதியில்லாததால், பழைய உரிமையாளர் அதை அப்பாவுக்கு விற்றிருந்தார். அம்பு நேராகப் போகிறதா என்று பார்க்க, மரச்சட்டத்தில் தாளை ஒட்டி, இரண்டு மீற்றர் தள்ளி நின்று எய்வேன். கிழிசல் மேல்நோக்கி நீண்டால், நாணில் அம்பைக் கொளுவும் இடத்திலுள்ள நூல்முடிச்சை ஒரு மில்லிமீற்றர் இறக்குவேன், கீழ்நோக்கி நீண்டால் ஏற்றுவேன். எங்கே வைத்தாலும் தாள் கிழிந்தது.

வியாழன் மாலை, வீட்டில் வில்லைத் துடைக்கும்போது அதன் கீழ்ப்பாதியின் நுனியில், நாங்கள் "கீழ்க் கை" என்னும் பகுதியில், கறுப்பு நாடாவுக்கடியில் ஏதோ தட்டுப்பட்டது. மடு மாதா பதித்த சிறிய பதக்கம்.

"அம்மா, உதை ஆர் ஒட்டினது?"

"நான்தான்." அம்மா லீக்ஸ் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"கீழ்க் கை பாரத்திலை பிந்துது. அம்பு நேரா போகுதில்லை."

"அது எங்கையும் போகட்டும். திரும்பி உன்ரை கண்ணிலை ஏறினா?"

மன்னாரில் போருக்குள் வளர்ந்தவர் அம்மா. ஆயுதம் என்ற பெயருள்ள எதுவும் வீட்டுக்குள் இருப்பதே அவருக்குப் பதற்றம். "மாதாவைக் கழட்டினா நீ சனிக்கிழமை போறேல்லை" என்றார்.

கழற்றினால் போகமுடியாது, கழற்றாவிட்டால் தேறமுடியாது. அப்பாவைப் பார்த்தேன். "என்னை உதுக்குள்ளை இழுக்காதை பிள்ளை" என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

வில்லை மேசையில் வைத்து, ஒரு கை பாரம், மறு கை பாரமில்லை என்று விரலால் காட்டினேன். அம்மா கத்தியைத் துடைத்துவிட்டு யோசித்தார்.

"அப்ப மேல் கையிலையும் ஒண்டை ஒட்டன்."

தன் கைப்பையிலிருந்து அந்தோனியார் பதக்கத்தை எடுத்துச் சமையல் தராசில் வைத்தார். மாதா இரண்டு கிராம், அந்தோனியார் மூன்று. "மாதாவுக்கு நாடாவைக் கூடச் சுத்து" என்று தீர்ப்பளித்தார்.

வெள்ளிக்கிழமை எய்த முதல் அம்பு "டப்" என்றது. தாளில் வட்டத் துளையும் இறகுகளின் மூன்று கீறல்களும் மட்டுமே. ஆனால் பாரம் கூடிய வில்லின் கைகள் மெதுவாக நிமிர்ந்ததால் அம்பு தாழ்ந்து விழுந்தது. எவ்வளவு உயர்த்திக் குறிவைப்பது என்று பழக ஒரு மாலைதான் இருந்தது. சனிக்கிழமை அணியின் கடைசி இடம் எனக்குக் கிடைத்தது. கடைசி அம்புவரை அம்மா இலக்கை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு அப்பா சொன்னார்.

அந்த நிலவறை இப்போது சைக்கிள் நிறுத்துமிடம். நான் வேறு வில்லோடு போட்டிகளுக்குப் போகிறேன். அம்மா வருவதில்லை, பயம் போய்விட்டது என்கிறார். ஒவ்வொரு முறையும் நாணை இழுக்குமுன் வில்லின் நுனிகள் இரண்டையும் தடவிப் பார்க்கிறேன். எனக்காகப் பயப்படும் வேலையையும் இப்போது நானே செய்யவேண்டியிருக்கிறது.