சைட்கார் மூடியில் அலமாரிக் கதவு

ஜெலுத்தோங் சந்தையிலிருந்து திரும்புகிற வழியில் வடிவம்மாளின் சைட்கார் பெட்டியின் அடிப்பலகை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, இடியாப்பம் விற்றுத் தீர்ந்திருந்தது. வெறும் கூடைகள்தான் சாலையில் உருண்டன.

பதினெட்டு வருடத்துப் பெட்டி. கல்யாணத்துக்கு வாங்கிய பலகை அலமாரி இந்த அடுக்குமாடியின் படிக்கட்டில் ஏற மறுத்தபோது, கணவர் பிச்சைமுத்து கீழேயே வைத்து அறுத்து, மோட்டார் சைக்கிளின் சைட்காருக்குப் பெட்டியாக்கிவிட்டார். முதல் மாதம் முழுக்க இடியாப்பத்தில் பூச்சி உருண்டை வாசம். அலமாரிக் கதவுதான் மூடி. அதன் உட்புறத்தில் வட்ட வட்டமாகப் பசைத் தடங்கள் இருந்தன. முன்பிருந்த வாடகை வீட்டில், புதுப்பெண்ணாக இருந்தபோது குளிக்கப் போகுமுன் அவள் எடுத்து ஒட்டிவைத்த பொட்டுகள். அதைப் பார்த்துத்தான் அவர் "பொட்டுக்காரி" என்று கூப்பிட ஆரம்பித்தார். காலையில் மூடியைத் தூக்கும்போதெல்லாம் அந்த வாடகை வீடும், அந்தக் குரலும் ஒரு நொடி வந்து போகும்.

பிச்சைமுத்து மாக் மண்டின் தொழிற்பேட்டையில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறவர்.

"இனிமே பலகையே வேணாம். ஜிங்க் தகடு துருப்பிடிக்கும், ஃபைபர் வெடிக்கும். அலுமினியம்தான்! எவ்ளோ மழைன்னாலும் தாங்கும்லா."

"உள்ள வேர்க்குமேங்க…"

"இருபது வருஷமா பாடி கட்டுறேன். எனக்கே சொல்லித் தர்றியா, பொட்டுக்காரி?"

அவர் குப்பைத் தொட்டியோரம் சாய்த்து வைத்த பழைய மூடியை மட்டும் அவள் மாடிக்குத் தூக்கிவந்து அடுப்படியில் ஒளித்தாள்.

புதுப் பெட்டி கண்ணாடி மாதிரி மின்னியது. மறுநாளே சந்தையில் மூடியைத் திறந்தாள். உட்புறமெல்லாம் முத்து முத்தாக நீர். இடியாப்பம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பக்கத்துக் காய்கறிக் கடை நோர்மா தினமும் ஐந்து வாங்குகிற மலாய்க்காரி; இடியாப்பத்தை அவள் 'புத்து மாயாம்' என்பாள்.

"அக்கா, நேத்து புத்து மாயாம், இன்னிக்குக் கஞ்சியா?" என்று அரைகுறைத் தமிழில் சிரித்தாள்.

சிரித்தாளே ஒழிய வாங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் வாடிக்கை மொத்தமும் அடுத்த தெருவுக்கு நடந்துவிடும் என்று வடிவம்மாளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் பிச்சைமுத்து வீட்டுக்கு வந்தபோது மேசையில் நான்கு கிண்ணங்கள். அலுமினியம், ஜிங்க், ஃபைபர் என்று அவர் முன்பு பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த மாதிரித் துண்டுகள் மூன்றை மூடின. நான்காவதில் பழைய பெட்டியிலிருந்து பெயர்ந்த பலகைத் துண்டு.

"என்னடி, படையலா?"

"தெறந்து பாருங்க."

சூடான இடியாப்பத்தின் மேல் மூன்று மூடிகளும் சொட்டின. பலகை ஈரத்தைக் குடித்துவிட்டு, சொட்டாமல் இருந்தது. பிச்சைமுத்து நான்கு மூடிகளையும் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

"லாரிக்குள்ள ஆவி கெளம்பாதுங்க," என்றாள் மெல்ல.

"அட, ஆமாலா!" தலையில் தட்டிக்கொண்டார். "அந்தக் கதவத் தூக்கிப் போட்டுட்டேனே!"

அவள் போய் எடுத்துவந்தாள்.

வெளியே மழைக்கு அலுமினியம், உள்ளே ஆவிக்குக் கதவுப் பலகை என்று முடிவானது. அளவுக்கு அறுத்தபின் உப்புத்தாளை எடுத்தவர், பலகையைத் திருப்பியதும் நின்றார். அந்த வட்டங்களை விரலால் தொட்டார். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பொருத்தினார்.

மறுநாள் சந்தையில் மூடி உயர்ந்தது. இடியாப்பம் இழை இழையாகப் பிரிந்தது. நோர்மா ஐந்து வாங்கிக்கொண்டு, தூக்கிய மூடியின் உட்புறத்தை எட்டிப் பார்த்தாள்.

"அது என்னக்கா, வட்டம் வட்டமா?"

"பழசு," என்ற வடிவம்மாள், அவள் பொட்டலத்தில் ஆறாவது ஒன்றையும் எடுத்து வைத்தாள்.