இறக்கை கிழிந்த தேனீ

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் செல்லபாய்க்கு வயிறெரியாத நாள் உண்டா என்றால், பிரேமாவை வேலைக்குச் சேர்ப்பதற்கு முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு கிடையாது.

பன்னிரண்டு வருஷமாக மழை விட்டதும் மலையேறுவாள் செல்லபாய். பாறைச்சரிவில் கயிறு கட்டிய பத்துக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பூத்திருக்கும் காசித்தும்பையை எண்ணி, கால்மணி நேரம் உட்கார்ந்து வருகிற தேனீக்கு நோட்டில் கோடு போட வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரி ரெம்யா கொடுத்த, படம் ஒட்டின அட்டை ஒன்று கழுத்தில் தொங்கும். லயத்தில் வேறு யாருக்கு அந்தப் பவிசு?

இந்த வருஷம் அடுத்த வீட்டுப் பிரேமாவுக்கும் ஒரு அட்டை வந்தது. ஒரே கட்டம், ஒரே நேரம், ஆளுக்கொரு நோட்டு. முதல் நாள் செல்லபாய்க்குப் பத்தொன்பது, பிரேமாவுக்கு நாற்பத்தொன்று. "பிரேமாவுக்கு நல்ல கண்ணு" என்றாளே ரெம்யா, வயிறெரிய அது போதாதா?

மறுநாள் செல்லபாய் பூவைப் பார்க்கவில்லை, பிரேமாவின் பென்சிலைப் பார்த்தாள். ஒரே தேனீ பூவுக்குப் பூ தாவ, தாவலுக்கொரு கோடு விழுந்தது. சும்மா விடுவாளா? நேரே ரெம்யாவிடம் போனாள்.

"மோளே, இவ போடுறது கள்ளக் கணக்கு! வந்த தேனீயவே திரும்பத் திரும்ப எண்ணுதா!"

"அப்போ நீங்க எப்படி சேச்சி எண்ணும்?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள் ரெம்யா.

"ஒரு தேனீக்கு ஒரு கோடு. அதே ஆளு திரும்பி வந்தா புதுசாயிருமா?"

ரெம்யா தலையில் கைவைத்தாள். "அய்யோ சேச்சி, எத்தனை தடவை உட்காருதுன்னல்லே எழுதச் சொன்னது!"

பிரேமா சிரித்துவிட்டாள். ரெம்யா இரண்டு நோட்டையும் வாங்கிக்கொண்டு போனாள். நாலு நாள் செல்லபாய் குழாயடிக்குக்கூடப் போகவில்லை. பன்னிரண்டு வருஷமும் பாழ், இனி நோட்டு பிரேமாவுக்குத்தான் என்று நினைக்க நினைக்க நெஞ்சு காந்தியது.

ஐந்தாம் நாள் ரெம்யா வந்தபோது, கேட்பதற்கு முன்பே செல்லபாய் அட்டையைக் கழற்றி நீட்டினாள்.

"அதைக் கழுத்தில போடுங்க சேச்சி. பன்னெண்டு வருஷமும் ஒரே மாதிரிதான் எண்ணியிருக்கீங்க. இப்ப மாத்தினா, தேனீ கூடிச்சா, எண்ணுற முறை மாறிச்சான்னு யாருக்கும் தெரியாது. உங்க நோட்டு உங்க முறையிலேயே நடக்கட்டும். பிரேமாவும் அந்த முறையைக் கத்துக்கணும். நீங்க வராத நாளைக்கு ஆள் வேணுமே."

பக்கத்தில் நின்ற பிரேமாவின் முகம் சுருங்கியதைக் கண்குளிரப் பார்த்தாள் செல்லபாய்.

அன்று மதியம் பாறையில் பக்கத்தில் உட்கார்ந்த பிரேமா வீம்பை விட்டுக் கேட்டாள். "அக்கா, அதே தேனீதான்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிய?"

"இறக்கை ஓரம் கிழிஞ்சிருக்கு பாரு, அதான்."

"மத்ததெல்லாம்?"

மற்றவற்றுக்கும் செல்லபாயிடம் அடையாளம் இருந்தது. முதுகில் மகரந்தப் பொடி ஒட்டியிருக்கும் இடம், வந்து உட்காரும் பக்கம் எல்லாம் தெரியும்.

"பாத்துக்கிட்டே இரு, தெரியும்" என்று சொல்லிவிட்டு, தன் நோட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு அடுத்த கோட்டைப் போட்டாள்.